வீங்கிய சிவப்பணு தன் அளவை எப்படி அறிகிறது?

கயல்

வணக்கம். நான் உயிர்வேதியியல் முதுநிலை மாணவி. சிவப்பணுவின் அயனிக் கடத்தல் பாடத்தில் ஓரிடத்தில் சிக்கி நிற்கிறேன். விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றாக இருக்கும்.

செல் வீங்கினால் பொட்டாசியமும் குளோரைடும் சேர்ந்து வெளியேறும், நீரும் பின்னாலேயே போகும், செல் பழைய அளவுக்குத் திரும்பும் என்று பாடம் சொல்கிறது. ஆய்வகத்தில் நாங்கள் கண்டது வேறு. மனிதச் சிவப்பணுக்களை 300 மில்லிஆஸ்மோல் கரைசலிலிருந்து அதைவிட நீர்த்த 220க்கு மாற்றினோம். ஹீமடோகிரிட், அதாவது மாதிரியில் சிவப்பணுக்கள் அடைத்துக்கொள்ளும் பங்கு, உடனே ஏறியது. ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தபோதும் ஏறிய இடத்திலேயே நின்றது. பாடத்தில் உள்ள திரும்பும் பயணம் எங்கே போனது?

இரண்டாவது கேள்விதான் என்னை அதிகம் குடைகிறது. இந்தச் செல்லுக்கு உட்கரு இல்லை, மைட்டோகாண்டிரியா இல்லை, உள்ளே ஹீமோகுளோபினும் சில நொதிகளும்தான். தான் வீங்கிவிட்டதை அது எதைக் கொண்டு அறிகிறது?

செல்வி (இரத்தவியல் ஆய்வகம்)

உங்கள் அளவீடு சரியாகத்தான் இருக்கிறது, கயல். சவ்வூடு தாங்குதிறன் சோதனை செய்பவர்கள் நாள்தோறும் காண்பது இதுதான். 0.9 சதவீத உப்புநீரில் தொடங்கிப் படிப்படியாக நீர்த்துக்கொண்டே போகும் குழாய்களை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றிலும் சிறிது இரத்தம் விடுவோம். இயல்பான இரத்தத்தில் 0.5 சதவீதத்தை ஒட்டிய குழாயில்தான் மேல்நீர் முதன்முதலாக இளஞ்சிவப்பாகும். 0.3 சதவீதத்துக்கு வரும்போது ஏறக்குறைய எல்லா அணுக்களும் உடைந்து குழாய் முழுவதும் தெளிந்த சிவப்பாகிவிடும். இடையிலுள்ள குழாய்களில் இருப்பவை வீங்கிய நிலையிலேயே காத்திருக்கின்றன. அரை மணி நேரம் விட்டாலும் அவை தாமாகச் சுருங்கி மீண்டுவருவதை நான் பார்த்ததில்லை.

இன்னொன்றையும் சொல்கிறேன், உங்கள் கேள்விக்கு நெருங்கியது. இரத்தச் சர்க்கரை மிக அதிகமாக உள்ள நோயாளியின் மாதிரியைத் தானியங்கிக் கருவியில் வைத்தால் சிவப்பணுவின் சராசரிப் பருமன் சில வேளை உண்மையைவிடக் கூடுதலாக வரும். அந்த அணுக்களுக்குள்ளும் குளுக்கோஸ் நிறைந்திருக்கும். கருவியின் நீர்ப்புக் கரைசலில் விழுந்த கணத்தில் நீர் உள்ளே பாய்ந்துவிடுகிறது, குளுக்கோஸ் வெளியேற நேரம் பிடிக்கிறது. நீர்த்த மாதிரியைச் சில நிமிடம் வைத்திருந்து மறுபடி அளந்தால் எண் இறங்கிவிடும். அப்படி இறங்குவது குளுக்கோஸ் வெளியேறுவதால்தான். அயனிகள் அதற்குள் எதையும் செய்துவிடுவதில்லை.

மருதன்

செல்வி அவர்கள் சொன்ன நேர வேறுபாட்டிலிருந்தே தொடங்கலாம். சிவப்பணுச் சவ்வில் அக்வாபோரின்-1 என்ற நீர்வழிப் புரதம் நிறைய இருக்கிறது. பீட்டர் ஆக்ரே 1992இல் நீர்வழி என்று நிறுவிக் காட்டியதும், 2003இல் நோபல் பரிசு பெற்றுத் தந்ததும் இதே புரதம்தான். இதன் வழியே நீர் ஒரு நொடிக்குள் சமநிலைக்கு வந்துவிடும். பொட்டாசியமும் சோடியமும் சவ்வைக் கடக்கும் வேகமோ மணிக்கணக்கில் அளக்க வேண்டியது. ஆகவே வீக்கம் எப்போதும் முந்திக்கொள்ளும்.

அடுத்து, ஏன் பொட்டாசியமும் குளோரைடும்? தோராயமாகக் கணக்குப் போட்டுப் பாருங்கள். உள்ளே பொட்டாசியம் 140 மில்லிமோல், குளோரைடு சுமார் 75. பெருக்கினால் 10,500. வெளியே பொட்டாசியம் 4.5, குளோரைடு 105. பெருக்கினால் 470 சொச்சம். உள்ளிருந்து வெளியே இருபது மடங்குக்கு மேல் சரிவு இருக்கிறது. இரண்டையும் ஒன்றுக்கு ஒன்றாகச் சேர்த்துக் கடத்தும் புரதம் திறந்தால் போதும், உப்பு தானாக வெளியேறும். ஏடிபி செலவில்லை, மின்னூட்டமும் நகர்வதில்லை. இந்தப் புரதத்தைத்தான் பொட்டாசியம்-குளோரைடு இணைக்கடத்தி, சுருக்கமாக கேசிசி, என்கிறோம்.

உங்கள் அணுக்கள் ஏன் திரும்பவில்லை என்பதற்கு வருகிறேன். மனிதனின் முதிர்ந்த சிவப்பணுவில் இந்தக் கடத்தியின் செயல் மிகக் குறைவு. எலும்பு மஜ்ஜையிலிருந்து புதிதாக வந்த ரெட்டிகுலோசைட்டில் நன்றாக வேலை செய்யும். அணு முதிர முதிர அடங்கிப்போகும். ரெட்டிகுலோசைட் முதிர்ந்த அணுவைவிடப் பெரியது. உப்பையும் நீரையும் விட்டு, சுருங்கி, ஹீமோகுளோபினை அடர்த்தியாக்கிக்கொள்ளும் கட்டத்தில் இந்தக் கடத்திக்குப் பங்கு உண்டு. உங்கள் குழாயில் இருந்தவற்றில் நூற்றுக்கு ஒன்றோ ஒன்றரையோதான் ரெட்டிகுலோசைட். மீதி எல்லாம் அந்தக் காலத்தைத் தாண்டி வந்தவை. 120 நாள் வாழ்வில் அவற்றின் பருமனைக் காப்பது பெரும்பாலும் வேறொரு ஏற்பாடு: மூன்று சோடியத்தை வெளியே தள்ளி இரண்டு பொட்டாசியத்தை உள்ளே எடுக்கும் பம்ப்பும், அதற்கு ஈடான மெல்லிய கசிவும். செம்மறியின் சிவப்பணுக்களை வைத்து டோஸ்டசனும் ஹாஃப்மனும் 1960இல் கணக்காக எழுதிக் காட்டியது இதைத்தான்.

பாடநூல் சொல்லும் முழுமையான மீட்சியைக் காண வேண்டுமானால் மற்ற விலங்குகளிடம் போக வேண்டும்.

அலைமகன்

மருதன் ஐயா அங்கே நிறுத்தியதால் நான் தொடர்கிறேன். என் வேலை மீன்களோடும் நீர்நில வாழ்விகளோடும்.

உட்கரு உள்ள சிவப்பணுக்கள் இந்த வேலையில் கெட்டிக்காரர்கள். வாத்தின் சிவப்பணு வீங்கினால் பொட்டாசியத்தை விட்டுப் பழைய பருமனுக்குத் திரும்புவதையும், சுருங்கினால் உப்பை உள்ளே எடுத்து மீள்வதையும் கிரெகனோ 1971இல் விரிவாக எழுதினார். ஆம்ஃபியூமா என்ற வாலுள்ள நீர்நில வாழ்வியின் சிவப்பணு மிகப் பெரியது. வீங்கினால் அது பொட்டாசியத்தைக் கொடுத்து ஹைட்ரஜன் அயனியை வாங்கும் வேறு வழியைக் கையாள்கிறது. ஸ்கேட் வகைத் திருக்கை மீன்களின் அணுக்கள் உப்போடு நிற்காமல் டாரின் என்ற அமினோ சேர்மத்தையும் ஏராளமாக வெளியேற்றுகின்றன. வீக்கம் ஒன்றுதான், அதைத் தீர்க்கும் வழியை ஒவ்வொரு விலங்கும் தன் கைவசம் உள்ள கடத்திகளைக் கொண்டு அமைத்திருக்கிறது. எனக்கு இதில் தீராத வியப்பு.

நீலமேகம்

நான் இயற்பியல் பக்கத்திலிருந்து வருகிறேன். கயலின் இரண்டாவது கேள்விக்கு விடை எளிது என்றே நினைக்கிறேன். வீங்கினால் சவ்வு இழுபடும், இழுவிசையை உணரும் கால்வாய் திறக்கும். பியெசோ-1 என்ற புரதம் இதற்கென்றே சவ்வில் இருக்கிறது. 2010இல் கண்டறிந்தார்கள், 2021இல் நோபல் பரிசும் கிடைத்துவிட்டது. அது திறந்தால் கால்சியம் உள்ளே வரும். கால்சியம் வந்தால் கார்டோஷ் கால்வாய் திறந்து பொட்டாசியம் வெளியேறும். இதற்கு மேல் வேறு உணரி எதற்கு?

மருதன்

நீலமேகம் எழுதியது: “வீங்கினால் சவ்வு இழுபடும்.”

நண்பரே, வடிவியலைப் பாருங்கள். மனிதச் சிவப்பணுவின் பருமன் சுமார் 90 ஃபெம்டோலிட்டர். பரப்பு ஏறத்தாழ 140 சதுர மைக்ரான். அதே பரப்புள்ள கோளத்துக்குள் 150 ஃபெம்டோலிட்டருக்கு மேலேயே கொள்ளும். இருபுறமும் குழிந்த வடிவம் என்பது பரப்பு மிச்சம் இருப்பதன் அடையாளம். அணு வீங்கும்போது முதலில் குழிவு நிரம்புகிறது, அப்போது சவ்வின் பரப்பு கூடுவதே இல்லை. உண்மையான இழுப்பு கோளமாகும் தறுவாயில்தான் தொடங்கும், பரப்பு மூன்று நான்கு சதவீதம் கூடியதும் சவ்வு கிழிந்துவிடும். இணைக்கடத்தியோ பத்துப் பதினைந்து சதவீத வீக்கத்திலேயே விழித்துக்கொள்கிறது. கோள வடிவத்துக்கு வெகு தொலைவில் இருக்கும்போதே வேலை தொடங்கிவிட்டதென்றால், பரப்பின் இழுப்பை அதற்குக் காரணமாகச் சொல்ல முடியாது.

பியெசோவை நான் ஒதுக்கவில்லை. நுண்குழாயில் அணு நெருக்கப்பட்டு வளையும்போது அதன் பங்கு முக்கியம். ஆனால் கார்டோஷ் கால்வாய் வழியும் இணைக்கடத்தி வழியும் வேறு வேறு. கால்சியத்தை முற்றிலும் நீக்கினாலும் வீக்கத்துக்கு இணைக்கடத்தி பதில் தருகிறது.

அப்படியானால் உணரி எது? என்னை மாற்றிய சோதனை நாயின் சிவப்பணுவில் செய்யப்பட்டது. ஜான் பார்க்கரும் கோல்கிளஷரும் 1990களின் தொடக்கத்தில் செய்தது. அணுவை உடைத்து உள்ளடக்கத்தை மாற்றி மறுபடி மூடினார்கள். இப்படிச் செய்தால் பருமனையும் புரத அடர்த்தியையும் தனித்தனியாக மாற்றலாம்: பெரியது ஆனால் அடர்த்தியானது, சிறியது ஆனால் நீர்த்தது என்று. கடத்திகள் செல்லின் அளவுக்குச் செவிசாய்க்கவில்லை, உள்ளே இருக்கும் புரதத்தின் அடர்த்தியைப் பின்பற்றின. ஹீமோகுளோபினோடு ஆல்புமினைச் சேர்த்தாலும் அதே பதில். எந்தப் புரதம் என்பது முக்கியமில்லை, எவ்வளவு நெரிசல் என்பதே முக்கியம். வீங்கிய அணு தன் அளவை அறிவதில்லை, தன் உள்ளடக்கம் நீர்த்துப்போனதை அறிகிறது.

யூரியாவும் இதற்கு ஒரு துணைச் சான்று. சில நூறு மில்லிமோல் யூரியா சேர்த்தால், அணு வீங்காமலேயே இணைக்கடத்தி திறக்கிறது. பருமனில் மாற்றமில்லை, சவ்வில் இழுப்பும் இல்லை. யூரியா புரதங்களுக்கிடையிலான ஈர்ப்பைத் தளர்த்துகிறது, அவ்வளவுதான்.

நீலமேகம்

வடிவியல் வாதத்தை ஏற்கிறேன், அது வலுவானது. ஆனால் ஓர் இடறல். பத்து சதவீதம் வீங்கினால் ஹீமோகுளோபின் அடர்த்தி டெசிலிட்டருக்கு 33 கிராமிலிருந்து 30க்கு இறங்கும். இவ்வளவு சிறிய மாற்றத்துக்குக் கடத்தல் பல மடங்கு கூடுவது எப்படி? நேர்விகித உறவில் இது நடக்காதே.

மருதன்

நேர்விகிதம் இல்லை என்பதுதான் பதில். லிட்டருக்கு 330 கிராம் ஹீமோகுளோபின் என்றால் செல்லின் உள்வெளியில் நாலில் ஒரு பங்கைப் புரதமே அடைத்துக்கொண்டிருக்கிறது. அந்த நெரிசலில் இன்னொரு பெரிய மூலக்கூறு நுழையக் கிடைக்கும் இடம், மீதமுள்ள முக்கால் பங்கைவிட மிக மிகக் குறைவு. அதன் வினைத்திறன், அதாவது வினையில் அது காட்டும் செயல்படு செறிவு, புரத அடர்த்தியோடு செங்குத்தாக ஏறும். மின்டன், கோல்கிளஷர், பார்க்கர் மூவரும் 1992இல் இதைக் கணக்கிட்டே காட்டினார்கள்: ஒரு கட்டுப்பாட்டு நொதி சவ்வோடு சேர்வதும் பிரிவதும் நெரிசலால் தீர்மானிக்கப்பட்டால், பருமனில் சில சதவீத மாற்றமே கடத்தலைப் பல மடங்கு மாற்றப் போதும். உங்கள் துறையில் விலக்கப்பட்ட கனஅளவு என்று சொல்வதுதான் இது.

நீலமேகம்

விலக்கப்பட்ட கனஅளவு என்றதும் புரிந்துவிட்டது. கடினக் கோளங்களின் பாய்மத்தில் நாலில் ஒரு பங்கு நிரம்பிய நிலையிலேயே வினைத்திறன் குணகம் வேகமாக ஏறும். இதைச் செல்லுக்குள் யாரோ கணக்கிட்டுப் பார்த்திருக்கிறார்கள் என்பது எனக்குப் புதிய செய்தி. நன்றி.

கயல்

மருதன் ஐயா, அலைமகன் அண்ணா, செல்வி அக்கா, எல்லோருக்கும் நன்றி. ஒரு கண்ணி மட்டும் விட்டுப்போயிருக்கிறது. நெரிசல் குறைந்த செய்தி கடத்தியை எப்படிச் சென்றடைகிறது? “கட்டுப்பாட்டு நொதி” என்றீர்களே, அது எது?

இளவேனில்

இந்த இழையை மௌனமாகப் படித்துவந்தேன். வினைவேகவியல் கற்பிப்பவள் என்பதால் இந்தக் கேள்விக்கு எழுதாமல் இருக்க முடியவில்லை. இந்தத் துறையின் மிக அழகான தர்க்கம் இங்கேதான் இருக்கிறது.

கடத்திக்கு இரண்டு நிலைகள்: அடங்கியது, இயங்குவது. பாஸ்பேட் ஏறினால் அடங்கும், இறங்கினால் இயங்கும். ஏற்றுவது கைனேஸ், இறக்குவது பாஸ்பட்டேஸ். வீக்கம் கடத்தியைத் திறக்கிறது என்றால் இரண்டில் ஒன்று நடந்திருக்க வேண்டும்: பாஸ்பட்டேஸ் முடுக்கப்பட்டது, அல்லது கைனேஸ் தடுக்கப்பட்டது. இரண்டிலும் இறுதி விளைவு ஒன்றே. எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ஜென்னிங்ஸும் அல்-ரோஹிலும் 1990இல் முயலின் சிவப்பணுவில் நேரத்தை அளந்தார்கள். அணுவை வீங்கவைத்தால் கடத்தல் உடனே உச்சத்துக்குப் போவதில்லை, நிமிடக்கணக்கில் தாமதித்து மெல்ல ஏறுகிறது. வீங்கிய அணுவைப் பழைய பருமனுக்குச் சுருக்கினாலோ சட்டென்று அடங்குகிறது.

இப்போது கணக்கு. இரு நிலைகளுக்கிடையே ஒரு வினை புதிய சமநிலையை எட்டும் வேகம், முன்வினை மாறிலியும் பின்வினை மாறிலியும் சேர்ந்த கூட்டுத்தொகை. அதுவும் புதிய சூழலில் அவற்றுக்குள்ள மதிப்புகளின் கூட்டுத்தொகை. வீக்கம் பாஸ்பட்டேஸை முடுக்கியிருந்தால், வீங்கிய நிலையில் கூட்டுத்தொகை பெரிது, ஆகவே திறப்பு வேகமாக இருந்திருக்கும். வீக்கம் கைனேஸைத் தடுத்திருந்தால், வீங்கிய நிலையில் கூட்டுத்தொகை சிறிது, திறப்பு மெதுவாக நடக்கும். சுருக்கியதும் கைனேஸ் உயிர்பெற, அடங்கல் வேகமாக நடக்கும். அளந்ததில் கிடைத்தது இரண்டாவதுதான். அந்தக் கைனேஸ் எது என்று பெயர்கூடத் தெரியாத காலம் அது. கடிகாரத்தையும் பாய்வு அளவீட்டையும் மட்டும் வைத்துக்கொண்டு, வீக்கம் தொடுவது கைனேஸையே என்று சொல்லிவிட்டார்கள்.

அடுத்த ஆண்டே, ஒக்கடாயிக் அமிலம் கொடுத்துப் பாஸ்பட்டேஸைத் தடுத்தால் வீங்கினாலும் கடத்தி திறப்பதில்லை என்று ஜென்னிங்ஸும் ஷுல்ட்ஸும் காட்டினார்கள். பாஸ்பட்டேஸ் எப்போதும் தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கிறது. கைனேஸின் கை தளரும்போதுதான் அது மேலோங்குகிறது.

மருதன்

இளவேனில் அவர்கள் சொன்னதற்கு மேல் நான் சேர்ப்பது பெயர்களை மட்டுமே. இணைக்கடத்தியின் மரபணு 1996இல் பிரித்தெடுக்கப்பட்டது. சிவப்பணு வரிசையில் இதன் கேசிசி-1, கேசிசி-3 வடிவங்கள் முக்கியமானவை. கேசிசி-3இல் 991, 1048ஆம் இடங்களில் உள்ள திரியோனின் என்ற அமினோ அமிலங்கள் இரண்டும் அந்தப் பாஸ்பேட் ஏறும் இடங்கள் என்று 2009இல் வெளியானது. அங்கே பாஸ்பேட் ஏற்றும் பாதையின் தலைப்பில் இருப்பது டபிள்யூஎன்கே குடும்பக் கைனேஸ்கள். உப்பை உள்ளே எடுக்கும் சோடியம்-பொட்டாசியம்-குளோரைடு கடத்தியை இயக்குவதும் இதே பாதைதான். ஒரே பாஸ்பேட் ஒன்றைத் திறக்கிறது, மற்றொன்றை மூடுகிறது. ஆகவே உப்பு உள்ளே வரும் வழியும் வெளியே போகும் வழியும் ஒரே நேரத்தில் திறந்துகிடந்து வீணாவதில்லை.

டபிள்யூஎன்கே கைனேஸ்களே மூலக்கூறு நெரிசலை உணர்ந்து திவலைகளாகத் திரள்கின்றன என்று 2022இல் வேறு வகைச் செல்களில் காட்டினார்கள். பார்க்கர் நாயின் அணுவில் தேடியதற்கு முப்பது ஆண்டுகள் கழித்து இன்னொரு பக்கத்திலிருந்து கிடைத்த பதிலாகவே இதை நான் பார்க்கிறேன்.

மரு. தமிழ்மாறன்

நோயாளிகளைப் பார்க்கும் ஒருவனாகச் சில வரிகள். இந்தக் கடத்தி அடங்கிக் கிடப்பது நல்லது என்பதை அரிவாள் செல் நோய் காட்டுகிறது.

அந்த நோயில் ஆக்சிஜன் இழந்த ஹீமோகுளோபின் எஸ் இழைகளாகத் திரள்கிறது. திரளத் தொடங்கும் முன் உள்ள தாமத நேரம் ஹீமோகுளோபின் அடர்த்தியை மிகக் கடுமையாகச் சார்ந்தது. அடர்த்தி சிறிது ஏறினாலும் தாமதம் பல மடங்கு சுருங்கும். அந்தத் தாமதத்துக்குள் அணு நுண்குழாயைக் கடந்து நுரையீரலுக்குத் திரும்பிவிட்டால் பிழைத்தது. அப்படிப்பட்ட அணுவில், அடங்கியிருக்க வேண்டிய பொட்டாசியம்-குளோரைடு கடத்தி மிகைத்து இயங்குகிறது. அமிலத்தன்மை அதை மேலும் தூண்டும். இயல்பான அணுவில் ஆக்சிஜன் குறைந்தால் இந்தக் கடத்தி அடங்கிவிடும், அரிவாள் அணுவிலோ அந்தக் கட்டுப்பாடும் குலைந்திருக்கிறது. உப்பும் நீரும் போகப் போக அணு அடர்த்தியாகிறது, இழை திரள்வது விரைவாகிறது. கார்டோஷ் கால்வாயும் சேர்ந்துகொள்கிறது.

இதைத் தடுக்க முயன்றவர்கள் உண்டு. கார்டோஷ் கால்வாயை அடைக்கும் செனிகாபோக் என்ற மருந்து சிவப்பணுச் சிதைவைக் குறைத்தது, ஹீமோகுளோபினை ஏற்றியது. ஆனால் வலி நெருக்கடிகளைக் குறைக்கவில்லை என்பதால் மூன்றாம் கட்ட ஆய்வு நிறுத்தப்பட்டது. ஒரு வழியை அடைத்தால் போதாது என்பதே என் எண்ணம், இணைக்கடத்தி வழி திறந்துதானே இருந்தது.

நீலமேகம் அவர்களின் பியெசோவும் மருத்துவத்தில் வருகிறது. அந்தப் புரதம் மூடத் தாமதிக்கும் மரபணு மாற்றங்களால் பரம்பரை உலர் சிவப்பணு நோய் வருகிறது என்பது 2012இல் தெரியவந்தது. இந்த நோயாளிகளுக்கு மண்ணீரலை அகற்றினால் இரத்த உறைவு ஆபத்து மிகும், ஆகவே முன்கூட்டியே இனங்காண்பது உயிர் காக்கும்.

செல்வி (இரத்தவியல் ஆய்வகம்)

அந்த இனங்காணலில் நான் முதலில் சொன்ன குழாய் வரிசை உதவும். உலர்ந்த அணுவில் பரப்பு மிச்சம் அதிகம், ஆகவே வழக்கமாக எல்லாம் உடைந்துபோகும் குழாயிலும் அடியில் அணுக்கள் படிந்திருக்கும். பரம்பரைக் கோள அணு நோயில் நேரெதிர், 0.5 சதவீதத்துக்கு முன்பே மேல்நீர் சிவக்கும். இரண்டிலும் இரத்தசோகை உண்டு, மஞ்சள்காமாலை உண்டு. மண்ணீரலை எடுப்பது ஒன்றில் பயன் தரும், மற்றொன்றில் கேடு செய்யும். குழாய்களைப் பார்த்துக் குறிப்பெழுதும் நாங்கள் இதை அறிந்திருக்க வேண்டும் என்று புதிதாகச் சேர்பவர்களிடம் அழுத்திச் சொல்வேன்.

கயல்

எனக்கு இப்போது சோதனையை வேறு விதமாகச் செய்ய வேண்டும் என்று தோன்றுகிறது. ஹீமடோகிரிட்டை விட்டுவிட்டு, பொட்டாசியத்துக்குப் பதில் ருபீடியம் உள்ளே நுழையும் வேகத்தை அளக்கலாமா? முதிர்ந்த அணுக்களையும் இளைய அணுக்களையும் பிரித்து ஒப்பிட நினைக்கிறேன். வீங்கிய அணுவில் நுழைவது இணைக்கடத்தி வழியாகத்தான் என்று எப்படி உறுதி செய்வது?

மருதன்

தாராளமாகச் செய்யலாம். ருபீடியத்தை இந்தக் கடத்தி பொட்டாசியமாகவே ஏற்கும். கதிரியக்கம் வேண்டாமென்றால் அணு உறிஞ்சல் நிறமாலைமானியில் அளந்துகொள்ளுங்கள்.

பம்ப்பை அடைக்க உவாபயின் சேருங்கள். சோடியத்தோடு சேர்த்துக் கடத்தும் வழியை அடைக்க 10 மைக்ரோமோலார் பியூமெட்டனைடு போதும். அதற்கு மேல் கூட்டிக்கொண்டே போனால் நீங்கள் தேடும் கடத்தியும் தடைபடத் தொடங்கும். பிறகு மாதிரியை இரண்டாகப் பிரித்து ஒன்றில் குளோரைடையும் மற்றொன்றில் நைட்ரேட்டையும் வையுங்கள். நைட்ரேட்டில் கழுவி, உள்ளிருக்கும் குளோரைடு முழுவதும் வெளியேற நேரம் கொடுத்துவிட்டே அளக்க வேண்டும். இணைக்கடத்திக்குக் குளோரைடு இல்லாமல் முடியாது, ஆகவே இரண்டுக்கும் உள்ள வேறுபாடே அதன் பங்கு.

அணுக்களை அடர்த்தி வாரியாகப் பிரித்தால் மேலே மிதக்கும் இலேசான பகுதியில் ரெட்டிகுலோசைட் கூடுதலாக இருக்கும். எல்லாக் குழாய்களிலும் பிஎச் 7.4இல் நிற்கட்டும், சற்று அமிலமானாலும் கடத்தி தூண்டப்பட்டு வீக்கத்தின் விளைவோடு கலந்துவிடும். குளிரில் நாட்கணக்காக வைத்த இரத்தம் வேண்டாம், அதில் பம்ப் நின்று உள்ளே சோடியம் ஏறியிருக்கும். வீங்கவைத்த உடனே அளக்கத் தொடங்காதீர்கள். இளவேனில் சொன்ன அந்தத் தாமதத்துக்கு 37 டிகிரியில் இருபது நிமிடம் விட்டு, அதன் பிறகு ருபீடியத்தைச் சேருங்கள். எண்கள் கிடைத்ததும் இங்கேயே பதியுங்கள். நைட்ரேட் குழாயின் எண்ணை முதலில் போடுங்கள்.